சா.பி.

செல்லூரில் ரயில்வே கேட்டுக்குப் போகிற சந்தில்
பரோட்டாக் கடைக்கும் நாட்டு மருந்துக் கடைக்கும் நடுவே
எட்டடி அகலம் எங்கள் மெடிக்கல்.
சாயங்காலம் கொத்துக் கரண்டி தொடங்கினால்
சிரப் பாட்டில்கள் ஒன்றோடொன்று
பல்லைக் கடித்துக்கொள்ளும்.

பதினோரு வருஷமாக இந்தக் கை எழுதியதெல்லாம்
காகித உறைமேல் ரெண்டே ரெண்டு:
சா.மு.
சா.பி.
சாப்பாட்டுக்கு முன். சாப்பாட்டுக்குப் பின்.

சோணைமுத்து, வயது 58, என்று போட்ட சீட்டோடு
பங்குனியில் வந்தாள் யுவராணி.
அம்மா போனதிலிருந்து அப்பா
சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றாள்.
கே.கே. நகர் டாக்டர் எழுதியிருந்தார்.
பட்டையைக் கத்தரித்தபடி சொன்னேன்,
எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னேன்:
"மொதல்ல கொஞ்ச நாள் பசி இருக்காது பாப்பா.
பயப்படாத. கெஞ்சியாவது சாப்பிட வையி."

ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல்
கேட்டவள் காதில் தங்கும் என்று
டி.பார்ம் வகுப்பில் சொல்லித் தரவில்லை.

சித்திரையில், தெருமுனைதோறும்
புளியோதரையோடு மறித்த கூட்டத்தைத் தாண்டி வந்தாள்.
அவள் கையிலும் ஒரு தொன்னையைத் திணித்திருந்தார்கள்.
கடை வாசல் நாய்க்கு அதை வைத்துவிட்டு
உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்தாள்,
துடைத்தாள்,
அப்புறம்தான் சீட்டை எடுத்தாள்.

அடுத்த தடவை மாசம் முடியவில்லை.
"பட்டை தொலஞ்சிருச்சுக்கா."
அதற்கடுத்த தடவை
தார் இளகும் மத்தியானத்தில் குளிருது என்றாள்.
மீதிச் சில்லறை வாங்கும்போது
மோதிரம் கழன்று கண்ணாடிமேல் உருண்டது.
அம்மாவுடையது என்றாள், நான் கேட்காமலே.

பார்த்தேன்.
கொடுத்தேன்.
சீட்டு இருந்தது, பெயர் இருந்தது,
தேதி மட்டும்தான் பழசு.

ஆடியில் ஒரு ராத்திரி
பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு ஒரு மனிதர்.
"சோணமுத்துங்க. அந்த மாத்திர வந்துருச்சாம்மா?
ரெண்டு மாசமா ஸ்டாக் இல்லேன்னு மக சொல்லுச்சு."

மூன்றாம் தட்டில்
முழு டப்பா இருந்தது.
கொத்துக் கரண்டி நின்றுவிட்டதுபோல் இருந்தது.
நிற்கவில்லை.

"புள்ள சாப்பிடுதா?" என்றேன்.
"காலேஜ்லயே சாப்ட்டு வந்துருதும்மா" என்றவர்
சொன்னதைத் தானே ஒருமுறை கேட்டவர்போல்
கவுண்டரைப் பிடித்துக்கொண்டார்.
ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு
சுவருக்கும் அவருக்கும் நடுவே
நடந்துபோன பெண் இப்போதுதான் தெரிந்தாள்.

மறுநாள் கடை அடைக்கும் நேரத்தில் வந்தாள்.
"அப்பாவுக்குத்தானக்கா."
"அப்பா வந்துட்டுப் போனாரும்மா."

கத்துவாள் என்று நினைத்தேன்.
சத்துமாவு டப்பாக்களையே பார்த்துக்கொண்டு
தாழ்ந்த குரலில் சொன்னாள்:
"பசிக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க.
இதப் போட்டும் பசிக்குதுக்கா.
நெஞ்சு அடிச்சுக்குது, தூக்கம் இல்ல,
கொத்துச் சத்தம் கேட்டா
காதப் பொத்திக்கிட்டு நடக்குறேன்."

இந்த ஊரில் எதிரே ஆளைக் கண்டால்
வாய் தானாகக் கேட்கும், சாப்டாச்சா என்று.
நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கினேன்.
ஷட்டரைப் பாதி இறக்கி
ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.
காலையில் டாக்டரிடம் மூணு பேருமாகப் போவோம்,
உன் பேரில் ஒரு சீட்டு எழுதச் சொல்லுவோம் என்றேன்.
சரி என்று சொல்லவில்லை.
ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்தாள்,
எந்த நிமிஷமும் எழுந்துவிடுகிற மாதிரி.

பக்கத்தில் அன்றைக்கு வியாபாரம் முடிந்து
கல்லில் தண்ணீர் ஊற்றினார்கள். சுர்ரென்றது.

குனிந்து பார்த்தால்
கையிலிருந்த வெறும் உறைமேல்
பழக்க தோஷத்தில் பேனா எழுதியிருக்கிறது:
சா

தனியே நின்றால்
அந்த எழுத்துக்கு வேறு அர்த்தம்.
அவள் தலை நிமிர்வதற்குள்
பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.